மூன்றாவது கண்ணாடி

முதல் கண்ணாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு உடைந்தது. காரணம் மச்சானின் தும்மல் என்று வாரியத்தின் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது. கூடவே தும்மியவர் கையெழுத்தும் இருக்கிறது.

மச்சான் என்றால் கண்ணாடிக்காரருடைய மனைவியின் அண்ணன். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாளும் தடுமாறாத மனுஷன், நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடது தொடையை முறித்துக்கொண்டார். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஒண்டிக்கட்டையாக இருந்தவரைத் தங்கைதான் கூட்டிக்கொண்டு வந்து, பின்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தாள்.

அந்தக் கட்டில் கிடந்த இடத்தில்தான் வந்தது வினை. முன்னால் கண்ணாடிக் கடை, பின்னால் இரண்டு அறை, இவ்வளவுதான் வீடு. மூன்று பக்கம் சாதாரணச் செங்கல் சுவர். நாலாவது சுவர் இவர்களுடையதே இல்லை, பக்கத்தில் நிற்கிற பழைய மணிக்கூண்டுடையது. அந்தக் காலத்தில் வீடு கட்டினவன், எதற்கு வீணாக ஒரு சுவர் என்று கூண்டின் மேலேயே உத்தரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். கூண்டுக் கடிகாரம் மூன்றே முக்காலில் நின்று பல வருஷம் ஆகிறது. அது நின்றதைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்படவில்லை.

தெருவுக்கு அடியில் சுரங்க ரயிலுக்குக் குடைய ஆரம்பித்தார்கள். குடைகிற இயந்திரத்துக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பெருச்சாளி. பெருச்சாளி மூன்று தெரு தள்ளி இருக்கும்போதே கூண்டுச் சுவரில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. உள்ளே மச்சானின் தலைமாட்டில் ஆரம்பித்து, அதே கோடு வெளியே தெருப் பக்கமும் தெரிந்தது.

உடனே பாரம்பரியப் பாதுகாப்பு வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய பதிவேடு, பையில் பூச்சு, பசை, கரண்டி. பேச்சில் நல்ல மரியாதை.

"பயப்படாதீங்க. விரிசலுக்குக் குறுக்கே சின்னதா ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டிடுவோம். ரெண்டு முனையும் சுவத்தோட கெட்டியாப் பிடிச்சுக்கும். சுவர் துளி அசைஞ்சாலும் கண்ணாடி பட்டுனு உடைஞ்சுடும். சாட்சிக் கண்ணாடின்னு பேரு."

"உடைஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள்.

"விதி தெளிவா இருக்கும்மா. ஒரே சுவத்துல மூணு கண்ணாடி உடைஞ்சா, குடையுற வேலையை நிறுத்தணும். அங்க குடியிருக்கிறவங்களுக்கு மாற்று வீடு குடுக்கணும்."

கண்ணாடிப் பட்டை வெட்டிக் கொடுக்கிற வேலை நம்ம கண்ணாடிக்காரருக்கே வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷத் தொழில், மெல்லிய கண்ணாடியை வைரக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவித் தள்ளினார். தன் வீட்டுச் சுவருக்குத் தானே சாட்சி வெட்டிக் கொடுத்த சந்தோஷத்தில் அன்றைக்கு ஆய்வாளருக்கு இரண்டு தடவை தேநீர் போனது.

ஆறாம் நாள் கண்ணாடி உடைந்தது. ஆய்வாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"உடையும்போது ரூம்ல யாரு இருந்தது?"

"நான்தான் படுத்திருந்தேன்" என்றார் மச்சான்.

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"படுத்திருந்தேங்கிறேனே."

"அது சரி. இருமினீங்களா, தும்மினீங்களா?"

மச்சான் உண்மை விளம்பி. "காலையில ஒரு தும்மல் வந்துச்சு சார். ஆனா அது எட்டு மணிக்கு."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மறுநாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: இந்தச் சுவரிலிருந்து பத்தடிக்குள் தும்முவது தடைசெய்யப்பட்டுள்ளது. மச்சானின் மூக்குக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி.

இரண்டாவது கண்ணாடி உடைந்தபோது வீட்டில் யாரும் தும்மவில்லை. மனைவி கடைத்தெருவிலிருந்து வந்து கதவைச் சாத்தியிருந்தாள். காரணம், கதவு. வாரியத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்து வாசல் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதுகாப்பாக வைத்திருப்பதாக ரசீது கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு புடவையைத் தொங்கவிட்டுக் குடும்பம் நடந்தது.

மூன்றாவது கண்ணாடி உடைந்த அன்று கண்ணாடிக்காரர் வேண்டுமென்றே எல்லாரையும் கட்டிப்போட்ட மாதிரி வைத்திருந்தார். யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, மிஷின் ஓட்டக் கூடாது. மூன்று பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரைக்கடியில் பெருச்சாளி உறுமுவது கட்டில் கால் வழியாக மச்சானின் மாவுக்கட்டுக்குள் கிர்ரென்று ஏறியது. பட். கண்ணெதிரே உடைந்தது.

"மூணு!" என்று எழுந்து நின்றே விட்டார் கண்ணாடிக்காரர்.

ஆய்வாளர் உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும் தும்மலை, கதவும் இல்லை. அப்ப கண்ணாடிலதான் கோளாறு. தரமில்லாத கண்ணாடி. யாரு சப்ளை?"

முப்பது வருஷத்தில் கண்ணாடிக்காரர் வெட்டின கண்ணாடியை யாரும் தரமில்லை என்று சொன்னதில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் வாரியம் ஒரு நவீன முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது. கண்ணாடி அடிக்கடி உடைந்து பொதுமக்களிடையே பீதி உண்டாவதால், இனி இழுத்தால் நீளும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டப்படும். ஒட்டினார்கள். அதற்கப்புறம் ஒன்றுகூட உடையவில்லை.

ஆனால் விரிசல் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது. மச்சான்தான் அதற்கு அளவுகோல். முதல் வாரம் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தார், பிடித்து நின்றது. அடுத்த வாரம் பென்சில் போனது. பென்சில் போன அன்று கண்ணாடிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே வாரியத்துக்குப் போனார்.

இயக்குநர் அறையில் பழைய கட்டடங்களின் படங்களாகவே மாட்டியிருந்தன. அதில் ஒன்றுகூட இப்போது இல்லை என்று வாசலில் இருந்த பியூன் சொன்னார்.

"ஐயா, ஒரே ஒரு முட்டுக் கொடுக்க அனுமதி வேணும். ஒரு மரத்தூண். என் மச்சான் கால் ஒடிஞ்சு அந்தச் சுவத்துக்குக் கீழ படுத்திருக்காரு. சுவர் சாஞ்சா எழுந்து ஓட முடியாது ஐயா."

"முட்டா?" இயக்குநர் அதிர்ந்துபோனார். "அந்தச் சுவத்தை நான்கூடத் தொட மாட்டேன் தெரியுமா? முட்டுக் கொடுத்தா அதோட மூலத் தோற்றம் என்ன ஆகும்? விழுந்தாலும் அது அதுவா விழணும்யா. அதுக்குப் பேருதான் பாதுகாப்பு."

"அப்ப நாங்க வேற எடத்துக்காவது போயிடறோம்."

"போறதா!" இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியலை. ஒரு மணிக்கூண்டு, அதை ஒட்டி வாழுற ஒரு குடும்பம். கல்லு வேற, நீங்க வேற இல்லை. நீங்களும் கட்டடம்தான். வாழும் பாரம்பரியம்னு உங்க மூணு பேரையும் நேத்தே பட்டியல்ல சேத்துட்டேன். கையெழுத்துப் போட்டவனே நான்தான்."

பட்டியலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மறுநாள் தெரிந்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்து மூன்று பேரையும் சரிபார்ப்பார். ஒருவர் குறைந்தாலும் அது வெற்றுக் கட்டடம், அப்படியே ரயில் கழகத்துக்குப் போய்விடும், மாற்று வீடும் கிடையாது. முதல் நாள் பதிவு இப்படி இருந்தது: ஆண், நல்ல நிலை. பெண், நல்ல நிலை, சிறிது கொதிப்பு. ஆண், இடது கால் சேதம், முன்பே இருந்தது.

"என்னைய மட்டும் ஆஸ்பத்திரில போட்டுடு மாப்ள" என்றார் மச்சான். "உங்க வீடாவது தங்கும்."

"நீ போயிட்டா வீடும் போயிடும்ணே. சும்மா கெட" என்றாள் தங்கை. அன்றைக்கு அவள் தைத்த சட்டைகளில் இரண்டுக்குக் கை மாறிப்போயிருந்தது.

கண்ணாடிக்காரர் ரயில் கழகத்துப் பொறியாளரைப் போய்ப் பிடித்தார். தெருக்கோடியில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மெஷின் கரெக்டா உங்க கூண்டுக்கு அடியில வரும். வாரியம் எழுதிக் குடுத்தா அடுத்த நிமிஷம் நிறுத்திடுவேன். சாட்சி எதாவது உடைஞ்சுதா?"

"அது பிளாஸ்டிக் சார். உடையாது."

"அப்ப உடையலை."

"விரிசல்ல பென்சில் போகுது சார்!"

"பென்சிலைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே" என்றார் பொறியாளர் வருத்தத்தோடு. நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மச்சானின் பழைய விசில் விரிசலுக்குள் முழுசாகப் போய்விட்டது. கயிறு மட்டும் வெளியே தொங்கியது. மூன்று பேரும் அந்தக் கயிற்றைப் பார்த்தார்கள். மச்சான் விசிலை இழுத்து எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "எதுக்கும் கைல இருக்கட்டும்" என்றார்.

புதன்கிழமை காலை இயக்குநரே நேரில் வந்துவிட்டார். கூடவே ஆய்வாளர். இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பு.

"இருபது நாளா ஒரு சாட்சிகூட உடையலை. இப்படி ஒரு சாதனை எங்க வாரியத்துல இதுவரைக்கும் நடந்ததில்லை. நாளைக்குப் பத்தரைக்கு இங்கயே பாராட்டு விழா. மூணு பாராட்டுப் பத்திரம். ஒண்ணு வாரியத்துக்கு, ஒண்ணு ரயில் கழகத்துக்கு, ஒண்ணு வாழும் பாரம்பரியத்துக்கு. நீங்கதான்யா கண்ணாடி போட்டுத் தரணும்."

"பிரேம் போட்டு மாட்டிடலாம் ஐயா" என்றார் கண்ணாடிக்காரர் சுரத்தில்லாமல்.

"மாட்டறதா? இந்தச் சுவத்துல ஆணி அடிக்கவா?" இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆணியே கூடாது. பத்திரத்துக்கு மேல கண்ணாடியை வச்சு நேரா சுவத்துல ஒட்டிடுங்க. சாட்சி ஒட்டுன அதே பூச்சு போதும். ஆய்வாளர் தருவாரு."

"எந்த எடத்துல ஐயா?"

இயக்குநர் தெருப் பக்கச் சுவரை நாலடி பின்வாங்கி நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விரிசல் அவர் முகத்துக்கு நேரே பிளந்து கிடந்தது.

"இது போட்டோல நல்லா இருக்காது. இதை மறைக்கிற மாதிரி ஒட்டிடுங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, மூணும்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். கடைக்குள்ளிருந்து மனைவி இருமினாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், அந்த இருமலுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியே எழுதிக் குடுத்துடுங்க ஐயா" என்றாள் அவள் வெளியே வந்து. "விரிசலுக்குக் குறுக்கே, அதே பூச்சுல, மூணு கண்ணாடின்னு. நாளைக்கு யாரும் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க."

இயக்குநர் மகிழ்ந்துபோய் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் கடையில் இருந்ததிலேயே மெல்லிசான கண்ணாடியை எடுத்தார். மூன்றையும் வெட்டினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, தன் கண்ணாடி உடைய வேண்டுமே என்று மனசுக்குள் மன்றாடினார். ஒட்டி முடித்தபோது விரிசலே தெரியவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சரிபார்ப்பு. மூன்று பேர், மூன்றும் நல்ல நிலை, ஒன்றுக்கு இடது கால். இயக்குநர் வாழும் பாரம்பரியத்தை மேடைக்கு நேர் எதிரே காட்சிக்கு வைக்கச் சொல்லியிருந்ததால், நாலு பேர் மச்சானைக் கட்டிலோடு தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார்கள். மனைவி தையல் மிஷினையும் தூக்கச் சொன்னாள். "அதுவும் பாரம்பரியம்தான்" என்றாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலிகள், நாற்காலிகளில் கூட்டம், முன்வரிசையில் அதிகாரிகள், அவர்களோடு பொறியாளரும்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தபோது பத்தே முக்கால். தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. மேஜை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டில் தானாக ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. ஒரு கை அதைப் பிடித்து நடுவில் வைத்தது. மறுபடி நகர்ந்தது.

"வளர்ச்சியா, பாரம்பரியமா என்று கேட்கிறார்கள்" என்றார் இயக்குநர். "இரண்டும் வேண்டும் என்கிறோம் நாங்கள். ஒரு கட்டடம் நிற்பது முக்கியமில்லை. அது நிற்கிறது என்பதற்கு நம்மிடம் ஆவணம் இருக்கிறதா என்பதே முக்கியம். இந்தக் கூண்டைப் பற்றி மட்டும் ஆயிரத்து இருநூறு பக்கம் எழுதியிருக்கிறோம். நாளைக்கே இது இல்லாமல் போனாலும், ஒரு கல் குறையாமல் எங்கள் அலமாரியில் இருக்கும்!"

கைதட்டல். கைதட்டலுக்கு நடுவே பட்டென்று ஒரு சத்தம். மேல் கண்ணாடி, வாரியத்தின் பத்திரம், குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது.

ஆய்வாளர் பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் திறந்து, காரணம்: கைதட்டல், என்று எழுதினார்.

இயக்குநர் கையை உயர்த்தினார். "தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். அமைதி."

கூட்டம் அமைதியானது. ஒரு குழந்தைகூட அழவில்லை. பெருச்சாளியின் உறுமல் மட்டும் எல்லார் உள்ளங்காலிலும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது கண்ணாடி பட்டென்று உடைந்தது. உடைந்ததோடு நிற்காமல் இரண்டு துண்டுக்கும் நடுவே மெதுவாக ஒரு விரற்கடை இடைவெளி விட்டது.

எல்லார் கண்ணும் மூன்றாவது கண்ணாடிக்குப் போனது. வாழும் பாரம்பரியத்தின் பத்திரம். அது உடையவில்லை. கண்ணாடிக்காரர் அதையே பார்த்தார். உடைஞ்சு தொலையேன், உடைஞ்சு தொலையேன் என்று உதடு முணுமுணுத்தது. உடையவில்லை. மேலிருந்து பொடிப்பொடியாகக் காரை உதிர்ந்து அதன் மேல் விழுந்தது.

"இரண்டுதான்" என்றார் இயக்குநர் மைக்கில். "விதிப்படி மூன்று. விழா தொடரும்."

அப்போது மச்சான் விசிலை ஊதினார். இருபத்தாறு வருஷ மூச்சு அது, தெருக்கோடி வரை போனது. "எல்லாம் எறங்கு! எறங்கு! பின்னால போ, நிக்காதே, போ போ போ!" பஸ்ஸில் போகாத மனுஷன் யார் இருக்கிறான்? எதற்கு என்று கேட்காமல் நாற்காலிகளை உதைத்துக்கொண்டு கூட்டம் முழுக்கத் தெருவின் எதிர்ப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. இயக்குநரும் மைக்கோடு ஓடிவந்தார்.

கூண்டு அவசரப்படாமல் விழுந்தது. மூன்றே முக்காலைக் காட்டிக்கொண்டே சாய்ந்து, உத்தரத்தை, ஓட்டை, மச்சான் படுத்திருந்த அறையை, கடையை, கடையிலிருந்த அத்தனை கண்ணாடியையும் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மனைவி அழவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கட்டில் கிடந்த இடம் எது என்று இடிபாட்டில் தேடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் கல் குவிந்திருந்தது.

ஆய்வாளர் புழுதிக்குள் போய் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று பிளாஸ்டிக் பட்டை. முனைக்கு ஒரு காரைக் கட்டியாக, இரண்டு முழம் நீண்டு தொங்கியது.

"கிழியலை சார்" என்றார்.

"பாத்தீங்களா!" என்றார் இயக்குநர், மூச்சு வாங்கிக்கொண்டே.

இன்னொன்று மூன்றாவது கண்ணாடி. ஒரு பக்கப் பூச்சு விட்டுப்போய், மறுபக்கம் ஒரு பெரிய செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு, பத்திரத்தோடு பத்திரமாக இருந்தது.

"ஐயா, எங்களுக்கு வீடு?" என்றாள் மனைவி.

"பாரும்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மாற்று வீடுங்கிறது சுவர் அசையுற வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு. இப்ப சுவரே இல்லையே, எது அசையும்? உடைஞ்சதும் ரெண்டுதான். அதுல ஒண்ணு கைதட்டல்."

மனைவி ஆய்வாளர் கையிலிருந்து செங்கல்லோடு அந்தக் கண்ணாடியை வாங்கினாள். வாழும் பாரம்பரியத்துக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தாள். தையல் மிஷின் இரும்புத் தலையின் மேல் ஓங்கி ஒரே போடு போட்டாள். கண்ணாடி தெரு முழுக்கச் சிதறியது.

"மூணு" என்றாள்.

"இது செல்லாதும்மா!" இயக்குநர் கத்தினார். "சுவர் உடைக்கலை, நீ உடைச்சே!"

"நாங்களும் கட்டடம்தான்னு யாரு சொன்னது? பட்டியல்ல சேத்துக் கையெழுத்துப் போட்டது யாரு? தினம் பத்து மணிக்கு வந்து எண்ணிட்டுப் போனது யாரு? கட்டடம் அசைஞ்சுதுய்யா. எழுதிக்க."

"அப்ப என் தும்மலும் கணக்குதான்" என்றார் மச்சான் கட்டிலிலிருந்து. "அதையும் சேத்துக்குங்க சார்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆய்வாளரின் பேனாவைப் பார்த்தார்கள். ஆய்வாளர் இயக்குநர் முகத்தைப் பார்த்தார். ஆளுயரக் கற்குவியலைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மச்சானின் மாவுக்கட்டுக் காலின் மேல் வைத்துக்கொண்டு, மூன்று என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில், கட்டடம் அசைந்தது, என்று எழுதினார்.

பொறியாளர் கொட்டகைக்கு ஓடினார். சற்று நேரத்தில் உள்ளங்கால் அதிர்வு நின்றது. கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சிதறின கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.